கிரெடிட் கார்ட் பொயின்ட்ஸ்ல திருச்சிக்கு டிக்கெட் எடுக்கலாமா? புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்குச் சொல்லுங்க

தலவாக்கலை_டீச்சர்:

வணக்கம். அரசாங்கப் பாடசாலை ஆசிரியை. இதுவரைக்கும் டெபிட் கார்ட் மட்டும்தான் பாவிக்கிறேன். கிரெடிட் கார்ட் எடுத்தா பொயின்ட்ஸ் சேரும், அதுலயே ஃப்ளைட் டிக்கெட் எடுத்துடலாம்னு சொல்றாங்க. தமிழ்நாட்டுல கூடலூர், கோத்தகிரி பக்கம் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துல இந்தியாவுக்குப் போன சொந்தக்காரங்க இருக்காங்க. ரெண்டு வருஷத்துக்கு ஒருக்காவாவது வீட்டுல நாலு பேரும் கொழும்பு–திருச்சி போய் வரணும்னு யோசனை.

கார்டுல போடக்கூடிய செலவு மாசம் 60,000 ரூபா வரும். சுப்பர்மார்க்கெட் சாமான், கரண்ட் பில், போன் பில், பெற்றோல். எத்தனை மாசத்துல டிக்கெட் சேரும்? வருஷக் கட்டணம் கட்டி பெரிய கார்டா எடுக்கணுமா, சாதாரணம் போதுமா? எங்க விலாசம் தோட்டத்து விலாசம், கரண்ட் பில்லும் எங்க பேர்ல இல்ல. அதனால விண்ணப்பம் தள்ளுபடி ஆகுமா? விமான நிலையத்துல லவுஞ்ச் (சாப்பிட்டு ஓய்வெடுக்கிற தனி இடம்) இலவசம்னு சொல்றாங்களே, அது உண்மையா?

கணக்கப்பிள்ளை:

டீச்சர், கார்டைத் தேட முந்தி கணக்கைப் பார்ப்போம். நான் போடுற விகிதம் எல்லாம் உதாரணம்தான். வங்கிக்கு வங்கி மாறும், ஒரே வங்கியிலயே கார்டுக்குக் கார்டு மாறும். உங்களுக்குத் தாற கட்டண அட்டவணையில உள்ள எண்ணை இதே இடத்துல போட்டுப் பாருங்க.

100 ரூபாவுக்கு 1 பொயின்ட், 1 பொயின்ட்டோட பெறுமதி 25 சதம்னு வைப்போம். மாசம் 60,000க்கு 600 பொயின்ட், அதாவது 150 ரூபா. வருஷத்துக்கு 1,800. இதையே மைலா, அதாவது டிக்கெட் எடுக்க விமான நிறுவனம் குடுக்கிற புள்ளியா மாத்தினா, 2 பொயின்ட்டுக்கு 1 மைல் கணக்குல மாசம் 300 மைல். போய் வர ஒரு டிக்கெட்டுக்கு 16,000 மைல் கேட்டா 53 மாசத்துக்கு மேல ஆகும். நாலு பேருக்கு 64,000 மைல், பதினேழே முக்கால் வருஷம். பிள்ளைங்க வேலைக்குப் போய் அவங்களே டிக்கெட் எடுத்துத் தந்துடுவாங்க. அதோட மைலுக்கும் ஆயுசு உண்டு. சிங்கப்பூர் எயார்லைன்ஸோட மைல் திட்டமான கிரிஸ்ஃப்ளையர்ல 3 வருஷம். நாலாவது வருஷம் நீங்க சேர்க்கச் சேர்க்க முதல் வருஷத்து மைல் பின்னால கரைஞ்சுக்கிட்டு இருக்கும்.

உங்க 60,000லயும் எல்லாத்துக்கும் பொயின்ட் விழாது. கரண்ட், தண்ணி பில், பெற்றோல், ஈ-வொலட்டுக்குக் காசு ஏத்துறது, காப்புறுதித் தவணை, இதுகளை நிறைய வங்கிகள் பொயின்ட்ல இருந்து விலக்கி வச்சிருக்கு, இல்லாட்டி பாதி பொயின்ட் குடுக்கும். எதை விலக்குறதுன்னு தீர்மானிக்கிறது நீங்க வாங்கின சாமான் இல்ல, அந்தக் கடையோட கார்ட் மெஷினுக்கு வங்கி குடுத்திருக்கிற வகைக் குறியீடு. பெற்றோல் ஷெட்டுக்குள்ள இருக்கிற சின்னக் கடையில பால்மா வாங்கினாலும் மெஷின் ஷெட்டோடதுன்னா அது பெற்றோல் கணக்குலதான் போகும். ஏடிஎம்ல கிரெடிட் கார்டைப் போட்டுக் காசு எடுக்கவே எடுக்காதீங்க. பொயின்ட் இல்ல, எடுக்கிற கட்டணம் தனி, வட்டி அன்னைக்கே ஆரம்பிச்சுடும்.

வட்டிதான் பெரிய ஓட்டை. ஆண்டு வட்டி 26 வீதம்னு வைங்க. 60,000 பில்லுக்கு ஆகக் குறைந்த தொகைன்னு 5 வீதம், 3,000 மட்டும் கட்டுறீங்க. மிச்சம் 57,000க்கு ஒரு மாச வட்டி 1,235 ரூபா. எட்டு மாசம் சேர்த்த பொயின்ட் ஒரே மாசத்துல போச்சு. உண்மையில இதை விடக் கூட வரும். முழுசா கட்டாட்டி வங்கி ஒவ்வொரு பொருளுக்கும் வாங்கின நாள்ல இருந்தே வட்டி போடும், அடுத்த மாசம் புதுசா வாங்குறதுக்கும் வட்டியில்லாக் காலம் கிடைக்காது. அதனால கார்ட் கைக்கு வந்த முதல் வாரமே சம்பளக் கணக்குல இருந்து தானா கழியுற மாதிரி எழுதிக் குடுங்க. அந்தப் படிவத்துல ரெண்டு பெட்டி இருக்கும்: முழுத்தொகை, ஆகக் குறைந்த தொகை. முழுத்தொகையில அடையாளம் போடணும். ரெண்டாவதைப் போட்டுட்டு "ஒட்டோவா கழியுதுதானே"ன்னு இருக்கிறவங்கதான் மாட்டுறது.

திகதியையும் பார்த்துக்கங்க. ஸ்டேட்மன்ட் 5ஆம் திகதி வருது, கட்ட வேண்டிய நாள் 25ன்னா, 6ஆம் திகதி வாங்கின பொருளுக்குச் சுமார் 50 நாள் வட்டியில்லாம கிடைக்கும். 4ஆம் திகதி வாங்கினதுக்கு 21 நாள்தான். சம்பளம் விழுந்து நாலைஞ்சு நாள் கழிச்சு கட்டுற நாள் வாற மாதிரி ஸ்டேட்மன்ட் திகதியை மாத்தித் தரச் சொல்லிக் கேளுங்க, நிறைய வங்கிகள் மாத்தித் தரும். வேற வங்கிக் கணக்குல இருந்து கட்டுறதா இருந்தா கடைசி நாள் வரைக்கும் இழுக்க வேணாம். நடுவுல போயாவும் சனி ஞாயிறும் சேர்ந்தா கார்ட் கணக்குல பதிய நாளாகும், தாமதக் கட்டணம் உங்க தலையில.

அப்போ கார்ட் எதுக்குன்னு கேட்பீங்க. நம்ம நாட்டுல கார்டோட லாபம் பொயின்ட்ல இல்ல, கழிவுல. சுப்பர்மார்க்கெட்ல குறிப்பிட்ட கிழமையில 15, 20 வீதம் கழிவு போடுவாங்க. 20 வீதக் கழிவுல 15,000க்கு சாமான் எடுத்தா 3,000 மிச்சம், அது 20 மாசப் பொயின்ட்டுக்குச் சமம். ஆகக் குறைந்த பில் தொகையும் உச்சக் கழிவும் விளம்பரத்தோட அடியில சின்ன எழுத்துல இருக்கும், அதைத்தான் முதல்ல வாசிக்கணும். நுவரெலியா, எல்ல பக்கம் ஹோட்டல் அறைக்கும் இதே கதை. ஏப்ரல் சீசன் நாட்களைப் பெரும்பாலும் விலக்கிடுவாங்க.

டிக்கெட்டுக்கு உங்களுக்குப் பொருந்துறது வட்டியில்லாத் தவணை. ஒருத்தருக்கு 62,000ன்னா நாலு பேருக்கு 248,000. 6 மாசத் தவணையில மாசம் 41,333. இதுல மூணு விஷயம் கேட்டு வைங்க: செயற்பாட்டுக் கட்டணம் எவ்வளவு, தவணைக்குப் பொயின்ட் உண்டா (வழமையா இல்ல), இடையில முழுசா கட்டினா தண்டம் உண்டா. தவணையில போட்ட தொகை கார்டோட கடன் எல்லையில முடங்கி நிக்கும். எல்லை 250,000ன்னா டிக்கெட் எடுத்த அடுத்த நாள் சாமான் வாங்கக் கூட கார்ட் வேலை செய்யாது.

ஊவாபக்கம்:

விண்ணப்பம், விலாசம் பற்றி நான் சொல்கிறேன்.

அரச ஊழியர் என்பதால் வருமானம் காட்டுவதில் சிக்கல் இல்லை. கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, தேசிய அடையாள அட்டை, வலயக் கல்விப் பணிமனையிலிருந்தோ அதிபரிடமிருந்தோ பணி உறுதிக் கடிதம். சம்பளம் விழுகிற வங்கியிலேயே கேட்டால் பாதி ஆவணம் ஏற்கெனவே அவர்களிடம் இருக்கும்.

விலாசம்தான் தோட்டப்புறத்தில் தடங்கல். மின்மானி தோட்ட நிர்வாகத்தின் பெயரிலோ தாத்தாவின் பெயரிலோ இருக்கும். அதற்காகவே விண்ணப்பம் தள்ளுபடியாகாது. கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழில் பிரதேச செயலாளரின் மேலொப்பமும் வாங்கிக் கொடுங்கள். அடையாள அட்டையில் உள்ள விலாசமும் சான்றிதழில் உள்ள விலாசமும் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். ஒன்றில் தோட்டத்தின் பெயர், மற்றதில் டிவிஷன் பெயர் என்றிருந்தால் அங்கேதான் கோப்பு நின்றுபோகும்.

கார்டை விலாசத்துக்கு அனுப்பச் சொல்ல வேண்டாம். தோட்டத்து ஒஃபிஸுக்கு வரும் கடிதம் எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது. "கிளையில் பெற்றுக்கொள்கிறேன்" என்று படிவத்தில் எழுதுங்கள். ஸ்டேட்மன்ட்டை மின்னஞ்சலுக்கு மாற்றிவிடுங்கள். தபாலில் வரும் ஸ்டேட்மன்ட் கட்ட வேண்டிய நாளுக்குப் பிறகு வந்தாலும் தாமதக் கட்டணம் கட்டணம்தான்.

விண்ணப்பிக்க முன் கிரிப் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவான கடன் தகவல் பணியகம் அது. உங்கள் கடன், குத்தகை, நீங்கள் பிணை நின்ற கடன் எல்லாம் அதில் இருக்கும். அதில் வரும் கடன் புள்ளி 250 முதல் 900 வரை. ஆசிரியர்கள் மாட்டுவது பெரும்பாலும் பிணையில். சக ஆசிரியருக்குக் கையெழுத்துப் போட்ட கடன் தவணை தவறியிருந்தால் அது உங்கள் அறிக்கையிலும் தெரியும். ஒரே மாதத்தில் நாலு வங்கியில் விண்ணப்பிப்பதும் நல்லதல்ல, ஒவ்வொரு விசாரிப்பும் பதிவாகும்.

அப்படியும் தரவில்லையென்றால் நிலையான வைப்பின் மேல் கார்ட் கேட்கலாம். வைப்புத் தொகையில் ஒரு பங்கை எல்லையாகத் தருவார்கள், வைப்புக்கு வட்டியும் தொடர்ந்து வரும். நிரந்தர வேலை இல்லாதவர்களுக்கும் இதுதான் நேர் வழி.

வருடக் கட்டணத்தைப் பற்றிக் கேட்டீர்கள். 5,000 ரூபா வருடக் கட்டணம் என்றால் கணக்கப்பிள்ளை சொன்ன விகிதத்தில் அது 33 மாதப் பொயின்ட். முதல் வருடம் இலவசம் என்பதை நம்பி எடுத்துவிட்டு இரண்டாம் வருடம் மறந்துவிடாதீர்கள். கட்டணம் ஸ்டேட்மன்ட்டில் விழுந்த உடனே வங்கிக்கு அழைத்து நீக்கச் சொன்னால், வருடச் செலவு அவர்கள் சொன்ன தொகையைத் தாண்டியிருந்தால் பெரும்பாலும் நீக்குவார்கள். இல்லையேல் கார்டை மூடுகிறேன் என்று சொல்லுங்கள். மூட முன் மீதமுள்ள பொயின்ட்டைப் பணமாகக் கணக்கில் வரவு வைத்துவிடுங்கள், மூடிய பிறகு அது போய்விடும்.

இன்னொன்று. கார்ட் போட்டால் 3 வீதம் கூட என்று சொல்லும் கடைகள் நம் டவுன்களில் உண்டு. 10,000 ரூபாவுக்கு 300 ரூபா கொடுத்து 25 ரூபா பெறுமதியான பொயின்ட் வாங்குவது, சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். வங்கியோடு கடைக்காரர் செய்த உடன்படிக்கைப்படி அந்தக் கட்டணத்தை வாடிக்கையாளரிடம் வாங்கக் கூடாது. மத்திய வங்கியும் அப்படித்தான் சொல்கிறது. வாதாட விருப்பமில்லை என்றால் காசாகக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

டவுன்கடை:

கணக்கப்பிள்ளை அண்ணே, நீங்க சொன்னது மாசம் 60,000 செலவு பண்றவங்களுக்குச் சரி. அதுக்காக மைல் எல்லாமே வீண்னு ஆகாது. கடை நடத்தி மொத்த வியாபாரிக்கு மாசம் 4 இலட்சம் கார்டுல கட்டுறவருக்கு உங்க விகிதத்துலயே வருஷத்துக்கு 24,000 மைல். அவருக்கு ஒரு டிக்கெட் வருஷா வருஷம் நிக்கும். தனிப்பட்ட கார்டுல வியாபாரச் செலவு போட வங்கி விடுமான்னு மட்டும் நிபந்தனையில பார்க்கணும்.

அதோட மைல் கார்டுல இருந்து மட்டும் வாறதில்ல. பறந்தாலும் வரும். ஸ்ரீலங்கன் 2014ல இருந்து வன்வேர்ல்ட்ங்கிற விமான நிறுவனக் கூட்டணியில இருக்கு, கத்தார் எயார்வேஸும் அதுலதான். கத்தார் எயார்வேஸ்ல தோஹாவுக்கு வேலைக்குப் போறவங்க டிக்கெட்ல ஃப்ளைஸ்மைல்ஸ் (ஸ்ரீலங்கனோட மைல் திட்டம்) இலக்கத்தைப் போட்டா மைல் இங்கேயே சேரும். மைல் பறக்கிற ஆளுக்குத்தான், காசு கட்டினவருக்கு இல்ல. ஏஜென்ட்கிட்ட டிக்கெட் எடுத்தாலும் இலக்கத்தைப் போடச் சொல்லலாம். ஆக மலிவான டிக்கெட் வகுப்புக்குக் கொஞ்ச மைல்தான் விழும், சிலதுக்கு விழவே விழாது. போர்டிங் பாஸை வீசாதீங்க. மைல் பதியாட்டி அதைக் காட்டித்தான் கேட்கணும், அதுக்கும் கால எல்லை இருக்கு.

கணக்கப்பிள்ளை:

சரிதான் தம்பி, ஒத்துக்கிறேன். அப்போ மைல் டிக்கெட்டோட பெறுமதியையும் சொல்லிடுறேன், அதுலதான் நிறையப் பேர் ஏமாறுறது.

மைல்ல எடுத்தா டிக்கெட் இலவசம் இல்ல. வரிகளும் மேலதிகக் கட்டணங்களும் காசாக் கட்டணும். கட்டுநாயக்கவுல புறப்படுற ஆளுக்கு அறவிடுற 60 டொலர் வரி மட்டுமே குட்டி தூரத்துக்குப் பெரிய தொகை. திருச்சி மாதிரி கிட்டத்து ஊருக்கு மைலைச் செலவழிக்கிறது அதனாலதான் அவ்வளவு லாபமில்ல.

சூத்திரம் இதுதான்: காசுக்கு எடுத்தா வாற விலையில இருந்து மைல் டிக்கெட்டுக்குக் கட்டுற வரியைக் கழிச்சு, மிச்சத்தை மைல் எண்ணிக்கையால பிரிக்கணும். காசு விலை 62,000, வரி 28,000, மைல் 16,000ன்னா ஒரு மைல் 2 ரூபா 12 சதம். அதே மைலைச் சேர்க்க 32,000 பொயின்ட் குடுத்திருக்கோம். அதைக் கடை வவுச்சராவோ பில் கழிவாவோ எடுத்திருந்தா 8,000 ரூபா, மைலா மாத்தினதால 34,000. இந்த உதாரணத்துல மைல்தான் வெல்லுது, ஆனா 32 இலட்சம் செலவழிச்ச பிறகு.

காசு விலைன்னு எதைப் போடுறீங்கங்கிறது முக்கியம். மைல் இல்லாட்டி நீங்க நிஜமா எடுக்கப்போற டிக்கெட்டோட விலையைப் போடணும். சென்னைக்கு இண்டிகோவும் ஃபிட்ஸ்எயாரும் கொழும்புல இருந்து போகுது. அங்கே 45,000க்கு கிடைச்சா மேல உள்ள கணக்குல 62,000ஐ எடுத்துட்டு 45,000ஐப் போடுங்க. ஒரு மைல் 1 ரூபா 6 சதத்துக்கு இறங்கிடும். மலிவு விமானத்துல பெட்டிக்குத் தனிக் காசு கேட்டா அதையும் கூட்டுங்க, திரும்பி வரும்போது சேலையும் பாத்திரமுமா வாற பயணம் இது.

மலைரயில்:

மைலைப் பாவிக்கும் முறையில் ஒரு ஒழுங்கு இருக்கிறது, அதைத் தலைகீழாகச் செய்தால் பொயின்ட் முடங்கிவிடும்.

முதலில் விமான நிறுவனத்தின் மைல் கணக்கை இலவசமாகத் திறக்கவும். பிறகு போக வேண்டிய நாளுக்கு மைல் ஆசனம் இருக்கிறதா என்று அவர்களுடைய தளத்தில் தேடவும். விமானத்தில் இடம் இருப்பது வேறு, மைலுக்கு ஒதுக்கிய இடம் இருப்பது வேறு. இருந்தால் மட்டும் வங்கிப் பொயின்ட்டை மாற்றவும். மாற்றிய பொயின்ட் திரும்ப வராது. மாற்றம் முடிய சில வேலை நாட்கள் ஆகலாம், அதற்குள் ஆசனம் போய்விடவும் கூடும். ஆகையால் ஒரே ஒரு நாளைக் குறிவைக்காமல் முன்பின் இரண்டு மூன்று நாட்களில் இடம் இருக்கும் வாரத்தைத் தெரிவு செய்யுங்கள். தீபாவளி, பொங்கல், ஆகஸ்ட் பாடசாலை விடுமுறைக்கு நாலு ஆசனம் ஒன்றாகக் கிடைப்பது அரிது. விமான நிறுவனங்கள் வழமையாகச் சுமார் 11 மாதத்துக்கு முன்பே ஆசனங்களைத் திறக்கும், அப்போதே பார்க்க வேண்டும்.

இந்தியாவில் கார்ட் பாவிப்பது பற்றியும் ஒரு வார்த்தை. வெளிநாட்டுப் பரிமாற்றத்துக்கு வங்கியின் நாணய மாற்று மேலதிகமும் அரச முத்திரை வரியும் சேரும். மேலதிகம் 3 வீதம் என்றால் 1 இலட்சத்துக்கு 3,000 ரூபா. வெளிநாட்டில் இரட்டைப் பொயின்ட் என்று விளம்பரம் செய்தாலும் கிடைப்பது 500 ரூபா. கடை மெஷின் "இலங்கை ரூபாவில் கட்டவா, இந்திய ரூபாவில் கட்டவா" என்று கேட்டால் இந்திய ரூபாவைத் தெரிவு செய்யுங்கள். இலங்கை ரூபா என்றால் அந்த மெஷின்காரர் வைத்த மாற்று வீதம், அது எப்போதும் கூடத்தான். போக முன் வங்கி அப்பில் வெளிநாட்டுப் பாவனையைத் திறந்து விடுங்கள், இல்லையேல் கார்ட் அங்கே மறுக்கப்படும்.

லவுஞ்ச் இலவசம் என்பது கார்டின் தரத்தைப் பொறுத்தது. வருடத்துக்கு இத்தனை தடவை என்று எண்ணிக்கை இருக்கும், பெரும்பாலும் கார்ட்காரருக்கு மட்டும். கூட வரும் மூவருக்கு டொலரில் கட்டணம் கார்டில் விழும். அங்கே வரவேற்பில் யாரும் காசு கேட்கமாட்டார்கள், ஸ்டேட்மன்ட்டில்தான் தெரியவரும். மலையிலிருந்து இறங்குகிறவர்கள் மண்சரிவு, பஸ் தாமதம் என்று பயந்து ஆறு மணித்தியாலம் முந்தியே போய்விடுவதால் லவுஞ்ச் ஆசை வருவது நியாயம்தான். ஆனால் அது செக்-இன்னும் குடிவரவும் முடிந்த பிறகு உள்ளே இருப்பது. செக்-இன் கவுன்டர் திறக்கும் வரை வெளியில்தான் இருக்க வேண்டும்.

தலவாக்கலை_டீச்சர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அப்போ வருஷக் கட்டணம் இல்லாத சாதாரண கார்ட், முழுத்தொகை ஒட்டோ கழிவு, டிக்கெட்டுக்குத் தவணை. பொயின்ட்டைப் பில்லுல கழிச்சுக்கிறேன். மைல் கணக்கு இலவசம்னா அதையும் திறந்து வைக்கலாம்தானே? ஒரு சந்தேகம், கார்ட்ல பேர் இனிஷியலோட வரும், பாஸ்போர்ட்ல அப்பா பேரும் என் பேரும் முழுசா இருக்கு. எதைப் போடுறது?

மலைரயில்:

திறக்கலாம் டீச்சர், நாலு பேருக்கும் தனித்தனியாக. பாஸ்போர்ட்டில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து அப்படியே போடுங்கள், இனிஷியல் வேண்டாம். எது குடும்பப் பெயர் என்று குழப்பமாக இருந்தால் படம் உள்ள பக்கத்தின் அடியில் < என்ற குறிகளோடு வரும் இரண்டு வரிகளைப் பாருங்கள். முதல் வரியில் நாட்டுக் குறியீட்டுக்குப் பிறகு தொடங்கி, இரட்டைக் குறி வரும் வரை உள்ளது குடும்பப் பெயர். அதற்குப் பின்னால் வருவது மற்றப் பெயர்கள். இரட்டைக் குறிக்குப் பின்னால் ஒன்றுமே இல்லையென்றால் முழுப் பெயரும் ஒரே கட்டத்தில் பதிவாகியிருக்கிறது. அப்படியானால் கணக்கைத் திறக்க முன் விமான நிறுவனத்துக்கு அழைத்து, டிக்கெட்டில் அதை எப்படிப் பிரித்துப் போடுவார்கள் என்று கேட்டு, மைல் கணக்கிலும் அதே மாதிரிப் போடுங்கள். டிக்கெட்டில் ஒரு மாதிரி, மைல் கணக்கில் வேறு மாதிரி இருந்தால் மைல் தானாகப் பதியாது.

கார்டில் இனிஷியல் இருப்பது டிக்கெட்டுக்குக் காசு கட்டத் தடையில்லை. பின்னொரு காலம் பொயின்ட்டை மைலாக மாற்ற நினைத்தால்தான் வங்கி இரண்டு பெயரையும் ஒப்பிடும். அதனால் கார்ட் விண்ணப்பப் படிவத்திலேயே முழுப் பெயரை எழுதிவிட்டு, "கார்டில் அச்சிட வேண்டிய பெயர்" என்ற இடத்தில் மட்டும் இனிஷியலோடு போடுங்கள்.

ஊவாபக்கம்:

கார்ட் வந்த பிறகு "உங்கள் பொயின்ட் இன்று நள்ளிரவு காலாவதியாகிறது, இந்த இணைப்பை அழுத்துங்கள்" என்று எஸ்எம்எஸ் வரும். அழுத்த வேண்டாம் டீச்சர். பொயின்ட் மீதியை வங்கியின் அப்பிலோ ஸ்டேட்மன்ட்டின் அடியிலோ பாருங்கள். வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று அழைத்து ஓடிபி கேட்டால் போனை வைத்துவிட்டு, கார்டின் பின்பக்கத்தில் உள்ள இலக்கத்துக்கு நீங்களே அழையுங்கள்.